கன்னத்துக்குள் வைத்த பஞ்சு

புதுக்குடியிருப்பில் அந்த ஸ்ரூடியோவுக்குள் ஒரு நீலத் துணி, ஒரு வட்ட ஸ்ரூல், குடை விரித்த இரண்டு லைற். படம் எடுக்கிற அண்ணை கமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் சின்னம்மா சுவர்ப் பக்கம் திரும்பினார். ஹான்ட்பாக்கைத் திறந்தார். உள்ளே இரண்டு பஞ்சு உருண்டைகள். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வாய்க்குள் விட்டு நாக்கால் தள்ளி, கன்னத்துக்கும் பல் முரசுச் சதைக்கும் நடுவில் செருகினார். பிறகு ஒன்றும் நடக்காதது போல ஸ்ரூலில் வந்து இருந்து நிமிர்ந்தார்.

நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லா இடப்பெயர்வையும் தாண்டி வந்த படம் ஒன்றே ஒன்றுதான். அதில் அம்மாவின் தோளில் கை போட்டபடி சிரிக்கிற ஒரு இளம்பெண் நிற்பார். அது சின்னம்மாதான் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நானும் நம்பியிருக்கிறேன். ஆனால் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அந்தப் படத்தில் நின்றவர் எழும்பி வந்து ஸ்ரூலில் இருந்தார்.

படம் எடுத்து முடிந்ததும் கைலேஞ்சியால் வாயை மூடி, பஞ்சை எடுத்து, சுற்றிப் பைக்குள் வைத்தார். முகம் உடனே உள்ளுக்கு இழுத்துக்கொண்டது. நாற்பத்தொன்பது வயது ஆள் அறுபத்தைந்து ஆனார். "என்னடி பாக்கிறாய்? கனகாலமா இப்பிடித்தான்" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டியது. பஞ்சு செய்கிற வேலையை எடுக்கத் தேவையில்லாத ஒரு சாமானால் செய்ய முடியாதா? வவுனியாவில் விஞ்ஞானம் படித்து, பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, வீட்டில் சும்மா இருக்கிற எனக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். ஒட்டுசுட்டான் பஸ் வருவதற்கு முன்னமே போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். இம்பிளான்ற் என்று பெயர். சிலிக்கோனில் செய்த சின்னத் துண்டு, முந்திரிகைப் பருப்பை விடக் கொஞ்சம் பெரிய வளைவு. மேலுதட்டுக்கு உட்பக்கத்தால் வெட்டி, கன்ன எலும்புக்கு மேல் கொண்டுபோய் வைக்கிறார்கள். வெளியில் காயம் தெரியாது. வயதால் இறங்கிப்போன கன்னம் திரும்ப ஏறுகிறது. முன்னும் பின்னுமாகப் படங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. பஸ்ஸுக்குள் ஒவ்வொன்றாகச் சின்னம்மாவின் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அவர் முதலில் தள்ளிவிட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டார். ஒட்டுசுட்டானில் இறங்கும்போது போன் அவர் கையில் இருந்தது.

அவருக்கு இது ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சின்னம்மாவின் தொழில் கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்துவது. கலியாண வீட்டுக்கும், பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கும் போய், தலை பின்னி, பூ வைத்து, கூறை கட்டி, முகத்துக்குப் பூசி, மணவறைக்கு அனுப்பி வைப்பார். கலியாணம் கட்டவில்லை. கட்ட வேண்டிய வயதெல்லாம் சாமான் மூட்டையோடு ஊர் ஊராக ஓடியதில் போய்விட்டது. ஆனால் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பெண்களின் கலியாணப் பட அல்பத்தில் ஒரு ஓரத்தில் அவருடைய கை இருக்கும். முகம் இராது. படம் எடுக்கும்போது விலகிவிடுவார்.

இப்போது சந்தியில் இதே தொழிலுக்கு ஒரு புதுக் கடை வந்திருக்கிறது. அதை நடத்துகிற பிள்ளைக்கு என் வயது. கடைக்கு முன்னால் ஆள் உயரத்தில் அவளுடைய முகம். வேலை மோசமில்லை, ஆனால் சின்னம்மா கட்டுகிற கூறைக்குக் கிட்டவும் வராது. இருந்தும் ஆட்கள் அங்கேதான் போகிறார்கள். காரணத்தை ஒரு பொம்பிளையின் தாய் எங்கள் குசினிக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தால் பழைய காலத்து வெளிக்கிடுத்தல் மாதிரி இருக்குமோ என்று மகள் பயப்படுகிறாளாம். கூறையைப் பற்றிப் பயமில்லை. முகத்தைப் பற்றித்தான்.

போன வைகாசியில் ஒரு கலியாண மண்டபத்தில், பொம்பிளையின் நெற்றிச்சுட்டியைச் சரி செய்துகொண்டிருந்த சின்னம்மாவை வீடியோக்காரப் பொடியன் கூப்பிட்டான். "அம்மம்மா, ஒருக்கா விலகுங்கோ." பொம்பிளை சிரித்தாள். மாப்பிள்ளையின் தமக்கை சிரித்தாள். சின்னம்மாவும் சிரித்துவிட்டுத்தான் விலகினார். அடுத்த நாளில் இருந்து கலியாண வீடுகளுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார். நோய் போய் எவ்வளவோ காலம். கேட்டால் தூசு என்பார்.

அதனால்தான் சின்னம்மா வீட்டு முன்னறையில் வைத்திருக்கிற கடைக்கு நாங்களும் ஒரு பெயர்ப்பலகை அடிப்போம், உங்கள் முகத்தைப் போடுவோம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதற்குத்தான் ஸ்ரூடியோ. அந்தப் படம் நல்லாய்த்தான் வந்தது. ஆனால் பலகைக்குக் கொடுக்க விடவில்லை. படத்தில் ஒரு முகம், கடைக்குள் ஒரு முகம் என்று ஆட்கள் நக்கலடிப்பார்களாம். முகம் வரட்டும், பிறகு போடு என்றார். பலகைக்காரர் எழுத்தை அடித்துத் தந்துவிட்டார். இடப்பக்கம் வெள்ளையாக விட்டிருக்கிறது. அது வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் சாய்த்தபடி நிற்கிறது.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது கறி அகப்பை கையில் இருந்தது.

"பேரப்பிள்ளை பாக்கிற வயதில கன்னம் கேக்குதோ இவளுக்கு? ஊர் சிரிக்கும்."

"ஊர் இப்பவும் சிரிக்குதுதானே அக்கா" என்றார் சின்னம்மா. அவ்வளவுதான் அன்றைய கதை.

கொழும்பில் ஒரு தனியார் கிளினிக்குக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். மூன்று படம் கேட்டார்கள். அனுப்பினேன். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டு வருவதற்கிடையில், மிகவும் பொருத்தமானவர் என்று பதில் வந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவே அதைவிட நேரம் எடுத்திருக்க வேண்டும். கூடவே ஒரு விலை. அதைப் பார்த்து அம்மா போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தா. வைத்த இடத்தில் அந்த யோசனையும் கவிழ்ந்து கிடந்தது.

நான் அப்படி விடுகிற ஆள் இல்லை. கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் வெளிநாட்டில் இருந்து வைத்தியர்கள் வருகிறார்கள், முகத்தில் காயப்பட்டவர்களைப் பார்த்துத் தெரிவு செய்து கொழும்பில் சத்திரசிகிச்சை செய்விக்கிறார்கள் என்று முகநூலில் கண்டேன். கன்ன எலும்பு உடைந்தவர்களுக்கு அவர்கள் வைக்கிறதும் இதே இம்பிளான்ற்தான். ஒழுங்கு செய்கிற அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். அவர் மிகவும் மரியாதையாகக் கதைத்தார்.

"ஓம் தங்கச்சி, கன்னம் குழி விழுந்தால் செய்யலாம். ஆனால் ஷெல் பட்டதாத்தான் இருக்கோணும்."

சின்னம்மாவுக்கு ஷெல் படவில்லை என்றேன்.

"எங்கட சனத்தில எல்லாருக்கும் ஏதோ பட்டிருக்கும்தானே. வடிவா யோசிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ."

அதை அவர் எவ்வளவு அன்பாகச் சொன்னார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. எங்கள் ஊரில் யாரும் இதைக் கேட்டு அதிர்ந்துபோக மாட்டார்கள். நாங்கள் இதில் தேறியவர்கள். உதவி நிறுவனத்தின் வெள்ளை வாகனம் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பினால், வருகிறவர் கிணற்றுக்காரரா கோழிக்காரரா மனநலக்காரரா என்று கண்டுபிடித்து, அவருக்கு ஏற்ற துன்பத்தை முன்னால் எடுத்து வைக்கத் தெரியும். பொய் சொல்லவும் தேவையில்லை. எல்லாத் துன்பமும் எங்களிடம் கைவசம் உண்டு. எது என்பதுதான் கேள்வி. அதனால் நானும் சின்னம்மாவிடம் போய், முள்ளிவாய்க்காலில் பட்டது என்று ஒரு வசனம் சொன்னால் காணும், மிச்சத்தை அவர்களே எழுதிக்கொள்வார்கள் என்று சொன்னேன். சின்னம்மா தலை நிமிராமல் சீலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் ஆட்கள் வரிசையாக இருக்க நீட்டு வாங்குகள். எங்களுக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தாடையில் ஒரு பக்கம் இல்லை. மடியில் ஒரு போத்தலும் ஸ்ரோவும். சின்னம்மா அவரிடம் பிள்ளைகள் எத்தனை, எந்தப் பள்ளிக்கூடம் என்று கதை கொடுத்தார். அவர் கதைப்பது விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. பிறகு விளங்கியது. கடைசியில் அவர் சின்னம்மாவிடம், உங்களுக்கு எங்கே பட்டது என்று கேட்டார். சின்னம்மா பதில் சொல்வதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

மேசையில் இருந்த வைத்தியர் எங்கட ஆள்தான். வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் போல, தமிழை யோசித்து யோசித்துக் கதைத்தார். நல்ல மனுசன். கதிரையை இழுத்துப் போட்டார். தண்ணி வேண்டுமா என்று கேட்டார். பக்கத்தில் ஒழுங்கு செய்கிற அண்ணா, கழுத்தில் அட்டை தொங்க நின்றார். வைத்தியர் கேட்டார்.

"எந்த இடத்தில அம்மா பட்டது? எந்த வருசம்?"

"என்ன பட்டது தம்பி?"

"ஷெல்."

"எனக்கு ஷெல் படேல்லை" என்றார் சின்னம்மா. "எனக்கு வயது பட்டிருக்கு."

நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். அண்ணா குனிந்து, அம்மாவுக்கு மறதி, அதிர்ச்சியில் இப்படித்தான் சொல்வார்கள் என்று வைத்தியருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். சின்னம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கும் என்று அவர் நினைக்கவில்லை. சின்னம்மா மாஸ்கைக் கழற்றி மடியில் வைத்தார்.

"மறதி இல்லைத் தம்பி. கடைசி வரைக்கும் உள்ளுக்க நிண்டனான். பங்கருக்குள்ள எனக்கு இந்தப் பக்கம் இருந்த ஆளும் இல்லை, அந்தப் பக்கம் இருந்த ஆளும் இல்லை. எனக்கு ஒரு கீறல் விழேல்லை. இது வயதால இறங்கினது. உங்களிட்ட இருக்கிற சாமான் இதுக்கும் வைக்கலாம் எண்டு பிள்ளை படிச்சுச் சொன்னவள். வைப்பியளோ?"

வைத்தியர் பேனையை மூடினார். இது அழகுக்குச் செய்கிற விஷயம், தங்களுடைய திட்டத்துக்குள் வராது, மன்னிக்க வேண்டும் என்றார். மன்னிப்புக் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. அண்ணாவின் முகம்தான் சுருங்கிப் போயிருந்தது. எங்களால் தன் பெயர் கெட்டது என்று என் காதுக்குள் சொன்னார்.

வாங்கில் இருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. இந்த முறை எல்லோருக்கும் ஒரே தடவையில் விளங்கியது.

"எங்களுக்குச் சோறு சப்பேலாமல் கிடக்கு. இவா வடிவு பாக்க வந்திருக்கிறா."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஒரு மேசையைப் போட்டு, ஒரு கதவைத் திறந்து, காயத்தின் அளவைப் பார்த்து உள்ளே விடுகிறோம் என்று சொன்னவர்கள் மேல் வர வேண்டிய கோபம் எப்படி ஒரு பெண்ணிடம் இருந்து இன்னொரு பெண்ணுக்குத் தாவியது என்று பாருங்கள். சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டு வெளியில் வந்தார்.

வாசலில் பழச்சாறு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களை நிறுத்தினார். இந்தத் திட்டத்துக்கு உதவி செய்கிற குடும்பமாம், கனடாவில் இருந்து வந்தவராம். அறுபது வயது என்று அவரே சொன்னார். நடந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும். சின்னம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கவலைப்பட வேண்டாம், இயற்கையாக வயது போவதுதான் அழகு, இந்தச் சுருக்கம் எல்லாம் நீங்கள் பட்ட பாட்டின் அடையாளம், இதைப் பெருமையாக வைத்திருங்கள் என்று நீண்ட நேரம் கதைத்தார். கதைக்கும்போது அவருடைய கன்னம் இரண்டும் அசையாமல் அந்தந்த இடத்தில் நின்றன. இரண்டு கிழமையாக நான் இரவு பகலாகப் பார்த்த படங்கள் எல்லாம் முன்னால் வந்து நின்றது போல இருந்தது. எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சின்னம்மா, கூறைச் சீலையின் கரையைப் பார்க்கிறது போல அவருடைய முகத்தை ஆறுதலாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, உங்களுக்கு நல்ல வடிவாச் செய்திருக்கினம். எங்க செய்வித்தனீங்கள்?"

நக்கல் இல்லை. தொழில்காரி தொழிலைப் பற்றிக் கேட்கிற கேள்வி. அந்த அம்மாவின் கை சின்னம்மாவின் கையை விட்டுத் தன் கன்னத்துக்குப் போனது. பழச்சாறு எடுத்துக்கொண்டு போங்கோ என்றார். நாங்கள் எடுக்கவில்லை.

பஸ்ஸில் எனக்குச் சின்னம்மா மேலும் கோபம். ஒரு வசனம். ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் காணும். மாங்குளம் தாண்டிய பிறகு அவராகவே தொடங்கினார். சனத்துக்குக் கேட்கக்கூடாதென்று மெல்லமாகத்தான் கதைத்தார்.

"எடி பிள்ளை, அவ்வளத்துக்குள்ளாலயும் நான் ஒரு கீறல் இல்லாமல் வந்தனான். என்னட்ட எண்டு இருக்கிறது அது ஒண்டுதான். அதைக் குடுத்தோ கன்னம் வாங்கச் சொல்லுறாய்?"

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சொன்னது விளங்கியது. கோபம் போகவில்லை. அது ஆள் மாறி, மேசைக்குத் திரும்பிப் போனது. காயப்பட்டோம் என்று வந்தால் தலையைத் தடவுவீர்கள். வடிவாக இருக்க ஆசைப்படுகிறோம் என்று வந்தால் பேனையை மூடுவீர்கள். செத்தவர்களின் ஊரில் இருக்கிறவர்கள் கண்ணாடி பார்க்கக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னது? உங்களூரில் ஐம்பது வயதுப் பெண் கன்னம் ஏற்றினால் அது அவளுடைய விருப்பம். எங்களூரில் ஏற்றக் கேட்டால் அது மறதி.

அன்றைக்குப் பின்னேரம் சின்னம்மா குசினிக்குள் பிளேன்ரீயில் பணிஸைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் முன்னால் இருந்தேன். முன்பல்லால் கிள்ளி, நாக்கால் அண்ணத்தில் நசித்து, விழுங்கினார். அப்படித்தான் அவர் எப்போதும் சாப்பிடுவார். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு என்னவோ, அந்த வாங்கில் இருந்த பெண் சொன்ன சொல் திரும்பக் காதில் விழுந்தது. சோறு சப்பேலாது.

வாயைத் திறக்கச் சொன்னேன். போய் வேலையைப் பார் என்றார். போனில் லைற்றைப் போட்டு முன்னால் நின்றேன். திறந்தார்.

மேலே முன்பல் ஆறும் இருந்தன. அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. வெறும் முரசு, அதுவும் தேய்ந்து மெலிந்து. உள்ளே தாங்க ஒன்றும் இல்லாமல் கன்னம் அந்த வெறுமைக்குள் விழுந்து கிடந்தது.

எப்ப கழட்டினது என்று கேட்டேன். சண்டை முடிந்து முகாமில் இருக்கும்போது என்றார். பல்லுக் குத்து வந்தால் மருந்து நிரப்ப அங்கே வசதி இல்லை, கழற்றத்தான் வசதி, வரிசையில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றியதாம். வெளியில் வந்த பிறகு வீடு கட்டுவதா பல்லுக் கட்டுவதா என்று இருந்ததில் அப்படியே விட்டதாம். சொல்லிவிட்டு மிச்சப் பணிஸைத் தோய்த்தார்.

அப்படியென்றால் இது வயது மட்டும் இல்லையே. அந்த மேசையில் இதைச் சொல்லியிருக்கலாமே. இப்போதே அந்த அண்ணாவுக்கு எடுத்துச் சொல்கிறேன் என்று போனைத் தூக்கினேன். சின்னம்மா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"பல்லுக் குத்தினது, கழட்டினாங்கள். அதுக்கு ஒரு பெரிய கதை கட்டாதை."

நான் கதை கட்டவில்லை. ஆனால் கத்தினேன். கொழும்புக் கிளினிக் படத்தைப் பார்த்தது. ஒழுங்கு செய்கிற அண்ணா கதையைப் பார்த்தார். கடல் கடந்து வந்த வைத்தியர் இடத்தையும் வருசத்தையும் கேட்டார். நான், இவ்வளவு படித்த நான், கன்ன எலும்பைப் பற்றி இரண்டு கிழமை வாசித்தேன். இந்த மனுசியை வாயைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அம்மா உள்ளே வந்து, ஏன் கத்துகிறாய், அவளுக்குப் பல்லில்லை என்று எனக்குத் தெரியும்தானே என்றா. தெரிந்துகொண்டுதான் கன்னம் கேட்குதோ என்று நக்கலடித்ததா என்று கேட்டேன். அம்மா அடுப்பைத் தணித்தா.

பிறகு நாங்கள் மூன்று பேரும் கண்ணாடிக்கு முன்னால் போனோம். புதுப் பஞ்சை எடுத்து, முதலில் மேலே, இம்பிளான்ற் வைக்கிற இடத்துக்குக் கிட்ட ஏற்றி வைத்துப் பார்த்தோம். கண்ணுக்குக் கீழே இரண்டு மேடு எழும்பியது. அதற்குக் கீழே பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டு, மேட்டுக் காணியும் பள்ளக் காணியும் மாதிரி இருக்கு என்றா. சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்து பஞ்சு வெளியில் விழுந்தது. பிறகு வழக்கமான இடத்தில், பல் இல்லாத இடத்துக்கு நேரே வைத்தார். ஸ்ரூடியோ முகம் வந்தது.

பஞ்சை எடுத்தால் தெரிகிற முகத்தைப் பார்த்துத்தான் கொழும்புக்காரர் பொருத்தமானவர் என்று எழுதினார்கள். கேட்ட விலையைக் கொடுக்க முடிந்திருந்தால், இந்நேரம் அந்த மேட்டுக் காணியைத் தோலுக்குள் வைத்துத் தைத்து அனுப்பியிருப்பார்கள். சீழ் கட்டினால், இடம் மாறினால், ஒட்டுசுட்டானில் இருந்து யாரிடம் ஓடுவது? கிடைக்காமல் போனதற்காக நான் அவ்வளவு கோபப்பட்ட சாமானை நினைத்து இப்போது வேறு விதமாகக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு நான் வேறு மாதிரித் தேடத் தொடங்கினேன். பல் இல்லாமல் கன்னம் விழுந்தவர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். கிடைத்தது. கட்டுப்பல் செய்யும்போதே அதன் வெளிப்பக்கத்தைக் கன்னத்தை நோக்கி வீங்கலாகச் செய்துவிடுகிறார்கள். பல்லும் ஆச்சு, கன்னமும் ஆச்சு. வெட்டுக் கொத்து இல்லை. பிடிக்காவிட்டால் கழற்றலாம். சின்னம்மா பஞ்சால் செய்ததையே பிளாஸ்ரிக்கால் செய்வது. அதோடு சோறும் சப்பலாம்.

முல்லைத்தீவில் பல் வைத்தியர் ஒரு பெண். என்னை விடப் பெரிய வயது இல்லாத ஆள் என்று சின்னம்மா சந்தேகப்பட்டார். நாங்கள் உள்ளே போய் இருந்ததும் அவர் ஊர் கேட்கவில்லை, வருசம் கேட்கவில்லை, ஏன் வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "ஆ எண்டுங்கோ" என்றார். சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார்.

நான் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். அப்படி ஒன்று படித்திருக்கிறார், தன் கையால் செய்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். இறங்கிய தோலை இது முழுக்கத் தூக்காது, பள்ளத்தை மட்டும் நிரப்பும், பாரம் கூடினால் கதைக்கும்போது கழன்று விழும், முரசு புண்படவும் கூடும் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு எதிர்க்கேள்வி இருந்தது. சின்னம்மா என் தொடையில் தட்டி நிறுத்தினார். வடிவுக்காகத்தான் கேட்கிறேன், சப்புவதற்காக மட்டும் இல்லை, அதை முதலே சொல்லிப்போட்டன் என்றார். மண்டபத்தில் சூடு பட்ட ஆள் அல்லவா.

"வடிவுக்குத்தானே எல்லாரும் முன்பல்லுக் கட்ட வருகினம் அன்ரி. செய்து பாப்பம்."

அம்மா என்றும் இல்லை, அம்மம்மா என்றும் இல்லை. அன்ரி. சின்னம்மா அந்தச் சொல்லை வீடு வரும்வரைக்கும் வாய்க்குள் வைத்திருந்தார்.

அச்சு எடுத்தாயிற்று. றோஸ் நிறக் களியை வாய்க்குள் வைத்து அது இறுகும்வரைக்கும் சின்னம்மா கதிரைக் கையைப் பிடித்தபடி இருந்தார். வாற கிழமை மெழுகில் செய்து வைத்துப் பார்க்கப் போகிறோம். மெழுகு என்றால் ஒட்டலாம், சுரண்டலாம், பிழைத்தால் உருக்கலாம். கன்னத்துக்கு எவ்வளவு கனம் என்று தெரிய, வழக்கமாக வைக்கிற பஞ்சு இரண்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். ஒரு சின்ன டப்பாவைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்திருக்கிறேன். மெழுகை வைத்துக்கொண்டு சின்னம்மா கதைக்க வேண்டும், தண்ணி குடிக்க வேண்டும், இரும வேண்டும். நான் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறேன். வாய்க்குள் ஹெயார்பின்னைக் கவ்விக்கொண்டு என் தலையைப் பின்ன வேண்டும். அதுதான் அவர் நாள் முழுக்கச் செய்கிற வேலை. அதில் விழாவிட்டால் எதிலும் விழாது. விழுந்தால் கனத்தைக் குறைத்துத் திரும்ப வைப்போம்.

வைத்தியருக்குச் சின்னம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். கண்ணாடி தன் கையில் இருக்க வேண்டும், போதும் என்று தான் சொல்லும்வரைக்கும் மெழுகை வைக்க வேண்டும், பக்கத்தில் நிற்கிற பிள்ளை வாய் திறக்கக் கூடாது. ஓம் என்றிருக்கிறேன். எவ்வளவு நேரம் திறக்காமல் இருப்பேன் என்று எனக்கே தெரியாது.